பணம் கட்டிய தேதி வேறு, வேலை முடிந்த தேதி வேறு

கேள்வி: வணக்கம் சார். போன கோடையில் புயல் அடித்து மூன்று நாள் கரண்ட் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு தவித்துப்போனோம். அதனால் அக்டோபரில் வீட்டுக்கு ஒரு பேட்டரி ஆர்டர் கொடுத்தோம். 13.5 கிலோவாட்-மணி, மொத்தம் 15,600 டாலர். சோலார் கிடையாது. நவம்பரிலேயே முழுப் பணத்தையும் கட்டிவிட்டோம். டிசம்பர் 18 அன்று ஆட்கள் வந்து கராஜ் சுவரில் பேட்டரியை மாட்டினார்கள். ஆனால் கேட்வே பெட்டி ஸ்டாக் இல்லை என்று சொல்லிப் போய்விட்டார்கள். ஜனவரி 14 அன்றுதான் திரும்ப வந்து அதைப் பொருத்தி, வயரிங்கை முடித்து, ஆன் செய்தார்கள். "2025-லேயே பணம் கட்டிவிட்டீர்கள், 30 சதவீத டாக்ஸ் கிரெடிட் உறுதி" என்கிறார் விற்பனையாளர். கவலையாக இருந்தால் வேலை டிசம்பர் 31-இல் முடிந்ததாக ஒரு பில் போட்டுத் தருவதாகவும் சொல்கிறார். வாங்கிக்கொள்ளலாமா? அப்புறம், டிசம்பரில் வாங்கிய கார் சார்ஜர் இன்னும் பெட்டி பிரிக்காமலேயே இருக்கிறது. எலக்ட்ரீஷியன் கூலி, வயரிங் எல்லாம் சேர்த்து 1,900 டாலர் ஆகும். அதற்குச் சலுகை உண்டா, எந்த வருடக் கணக்கில் வரும்? என் கணவருக்கும் ஒரு எலக்ட்ரிக் கார் வாங்க நினைக்கிறோம். 7,500 டாலர் கிடைக்குமா? (அமெரிக்காவிலிருந்து ஒரு வாசகி, பிப்ரவரி 2026)

பதில்: வணக்கம் அம்மா. முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அந்த பில்லை வாங்காதீர்கள். ஏற்கெனவே மின்னஞ்சலில் அனுப்பியிருந்தால் அதை வைத்து ரிட்டர்ன் தாக்கல் செய்யாதீர்கள். காரணத்தைக் கீழே விளக்குகிறேன். உங்களுக்குச் சொல்ல வேண்டியதில் ஒரு கெட்ட செய்தியும், இன்னும் கை நழுவிப்போகாத ஒரு நல்ல செய்தியும் இருக்கின்றன.

கெட்ட செய்தி பேட்டரியைப் பற்றியது. நீங்கள் சொல்லும் தேதிகளின்படி உங்கள் பேட்டரிக்கு மத்திய அரசின் 30 சதவீத கிரெடிட், அதாவது கட்ட வேண்டிய வரியில் நேரடியாகக் கழியும் சலுகை, கிடையாது. 15,600 டாலரில் 30 சதவீதம் என்றால் 4,680 டாலர். சின்னத் தொகை இல்லை, தெரிகிறது. இதை எழுதும்போது எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விஷயத்தில் சட்டம் மிகத் தெளிவாக இருக்கிறது.

வீட்டுக்கான இந்த கிரெடிட் வருமான வரிச் சட்டத்தின் 25டி பிரிவில் வருகிறது. 2022 ஆகஸ்டில் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டம் இதை 30 சதவீதமாக உயர்த்தியது. சோலார் இல்லாமல் தனியாக வைக்கும் பேட்டரிக்கும் 2023 ஜனவரி முதல் இது கிடைத்தது. குறைந்தது 3 கிலோவாட்-மணி கொள்ளளவு இருந்தால் போதும், உச்சவரம்பும் கிடையாது. 2032 வரை 30 சதவீதம், அப்புறம் இரண்டு வருடங்களில் படிப்படியாகக் குறையும் என்றுதான் அப்போது எழுதியிருந்தார்கள். பழைய விளம்பரத் தாள்களில் இன்றும் "2032 வரை" என்று இருப்பது இதனால்தான். விற்பனையாளர்கள் பலர் மனப்பாடமாக வைத்திருப்பதும் அந்தப் பழைய கணக்கையே.

2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான புதிய சட்டம் இதை ஒன்பது வருடம் முன்னதாகவே வெட்டிவிட்டது. 2025 டிசம்பர் 31-க்குப் பிறகு செய்யப்படும் செலவுக்கு 25டி கிடையாது. இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். "செலவு செய்தது" என்றால் பணம் கட்டியது என்றுதான் நாம் நினைப்போம். சட்டத்தில் அதற்கு அர்த்தம் வேறு: ஒரு பொருளை முதல்முறையாக நிறுவும் வேலை எந்த நாளில் முடிகிறதோ, அந்த நாளில்தான் செலவு நடந்ததாகக் கணக்கு. முன்கூட்டியே கட்டிய பணத்துக்கு அதில் இடமே இல்லை. இது புதிதாகப் புகுத்திய விதியும் இல்லை, முன்பிருந்தே இருப்பது. சலுகை வருடாவருடம் தொடர்ந்த காலத்தில் இந்த வருடம் இல்லையென்றால் அடுத்த வருடம் என்று போய்விட்டதால் யாரும் கவனிக்கவில்லை.

இதில் யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்று 2025 ஆகஸ்டில் அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் ஒரு கேள்வி-பதில் தொகுப்பே வெளியிட்டது. அதில் அப்படியே உங்கள் கேள்வி இருக்கிறது: 2025 முடிவதற்குள் பணம் கட்டிவிட்டு, நிறுவும் வேலை அதன் பிறகு முடிந்தால் கிரெடிட் உண்டா? இல்லை என்பதே பதில்.

"டிசம்பர் 18-லேயே சுவரில் மாட்டிவிட்டார்களே" என்று நீங்கள் கேட்கலாம். மாட்டியது பேட்டரியை மட்டும்தான். கேட்வே பெட்டிதான் வெளியிலிருந்து வரும் கரண்ட் நின்றதைக் கண்டுபிடித்து, வீட்டை கிரிட்டிலிருந்து (ஊர் மின்கட்டமைப்பிலிருந்து) பிரித்து, பேட்டரிக்கு மாற்றுவது. அது இல்லாத பேட்டரி ஒரு கனமான பெட்டி, அவ்வளவுதான். வயரிங்கும் முடியவில்லை, ஆனும் செய்யவில்லை. அதை வேலை முடிந்ததாக என்னால் வாதாட முடியாது. உங்களுக்காகக் கையெழுத்துப் போடும் எந்த வரி ஆலோசகரும் வாதாடக்கூடாது.

இதே மாதிரி வேறு சிலரும் கேட்டிருப்பதால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எல்லாம் பொருத்தி, வயரிங் முடிந்து, பேட்டரி டிசம்பரிலேயே ஓட ஆரம்பித்துவிட்டது, நகராட்சி இன்ஸ்பெக்டர் மட்டும் ஜனவரியில் வந்தார் என்றால் அது வேறு கதை. சட்டம் கேட்பது நிறுவும் வேலை முடிந்ததா என்பதை. இன்ஸ்பெக்டரின் கையெழுத்து, மின் நிறுவனத்தின் அனுமதிக் கடிதம் என்ற சொற்கள் அந்தப் பிரிவில் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்கு நான் 2025-இல் கிரெடிட் கோரச் சொல்கிறேன், ஆதாரங்கள் கையில் இருந்தால். ஆதாரம் என்றால் வேலை முடிந்த நாளில் இன்ஸ்டாலர் கொடுத்த தாள், தேதியோடு எடுத்த படம், பேட்டரியின் ஆப்பில் முதல் சார்ஜ் பதிவான நாள். போன வாரம் ஒருவர் "டிசம்பர் 30-லேயே முடிந்துவிட்டது" என்று ஒரு படம் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் இரும்புத் தாங்கி மட்டும் இருந்தது. பேட்டரி பக்கத்திலேயே அட்டைப்பெட்டிக்குள், மேலே ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் இருந்தது. அவருக்கும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

சரி, அந்த பில் விஷயத்துக்கு வருவோம். விற்பனையாளர் அதைச் சாதாரண உதவி மாதிரி சொல்லியிருப்பார். ஆனால் உங்கள் வேலை எப்போது முடிந்தது என்பதைச் சொல்ல அந்த பில்லைத் தவிரப் பல இடங்களில் பதிவு இருக்கிறது. எலக்ட்ரிகல் பெர்மிட்டில் இறுதி ஆய்வு நடந்த தேதி நகராட்சிக் கோப்பில் இருக்கும். கேட்வே பெட்டி எந்த நாளில் அனுப்பப்பட்டது என்று ஷிப்பிங் ரசீது சொல்லும். அந்தப் பெட்டி முதல்முறை இணையத்தில் சேர்ந்த நிமிடம் தயாரிப்பாளரின் சர்வரில் பதிவாகியிருக்கும். ஒரு பில்லால் இத்தனையையும் மாற்ற முடியாது.

ரிட்டர்னில் கையெழுத்துப் போடுவது விற்பனையாளர் இல்லை, நீங்களும் உங்கள் கணவரும். கூட்டாகத் தாக்கல் செய்தால் பொறுப்பும் கூட்டாகத்தான். தெரியாமல் தவறாகக் கோரினாலே குறைத்துக் கட்டிய வரியில் 20 சதவீதம் அபராதம் வரலாம். தெரிந்தே பொய்யான தாளை வைத்துக் கோரினால் அது மோசடி, அதற்கு அபராதம் 75 சதவீதம். சாதாரணமாக மூன்று வருடம் கடந்தால் ஐஆர்எஸ் ஒரு ரிட்டர்னைத் திறப்பதில்லை. மோசடிக்கு அந்தக் கால வரம்பே கிடையாது. கிரீன் கார்டு, குடியுரிமை என்று அடுத்த படிகளில் நிற்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய. 4,680 டாலருக்காக அந்த மாதிரி ஒரு தாளை வாழ்நாள் முழுக்கக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று என் தங்கைக்குச் சொல்வது போலவே உங்களுக்கும் சொல்கிறேன்.

இதற்குள் யாராவது இப்படித் தாக்கல் செய்துவிட்டிருந்தால் பயந்து சும்மா இருக்காதீர்கள். 1040-எக்ஸ் படிவத்தில் திருத்தி அனுப்பலாம். ஏப்ரல் 15-க்குள் திருத்தி, வித்தியாசத்தையும் கட்டிவிட்டால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

அப்போது அந்தப் பணம் போனது போனதுதானா? முழுக்க அப்படியில்லை. ஒப்பந்தத்தை எடுத்து, வேலையை எந்தத் தேதிக்குள் முடிப்பதாக எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் "வரிச் சலுகைக்கு நாங்கள் உத்தரவாதம் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். இருந்தாலும், டிசம்பருக்குள் முடிப்போம் என்று எழுத்தில் கொடுத்துவிட்டுத் தங்களிடம் ஸ்டாக் இல்லாததால் தாமதித்தார்கள் என்றால், விலையில் குறைக்கச் சொல்லிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. "30 சதவீதம் உறுதி" என்று அவர் அனுப்பிய செய்திகளை அழிக்காதீர்கள். முதலில் நிறுவனத்துக்கு மரியாதையாக, ஆனால் எழுத்தில், கேளுங்கள். மசியவில்லை என்றால் உங்கள் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுக்கலாம்.

மாநிலமும் மின் நிறுவனமும் தரும் சலுகைகள் தனி. அவை மத்திய சட்டத்தோடு சேர்ந்து முடியவில்லை. சில இடங்களில் கோடைக்கால மாலை நேரங்களில் உங்கள் பேட்டரியிலிருந்து கிரிட்டுக்குக் கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொள்ள அனுமதித்தால் பணம் கொடுக்கிறார்கள். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மையம் நடத்தும் டிசையர் என்ற தரவுத்தளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டால் உங்கள் பகுதிக்கு என்ன இருக்கிறது என்று வரும். அதை ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள். கிரெடிட் வாங்கியிருந்தால் அந்தத் தொகையைக் கழித்த பிறகு மிஞ்சும் செலவை மட்டும்தான் வீட்டின் அடக்க விலையோடு சேர்க்க முடியும். நீங்கள் வாங்கவில்லை, அதனால் முழு 15,600 டாலரும் சேரும். பின்னால் வீட்டை விற்கும்போது லாபம் அந்த அளவுக்குக் குறையும். இன்றைக்குக் கையில் வரும் காசு இல்லைதான். ஆனாலும் பில்லையும் பணம் கட்டிய ரசீதையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.

இப்போது நல்ல செய்தி. உங்கள் சார்ஜருக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இது 30சி என்ற வேறு பிரிவு. வீட்டில் வைக்கும் சார்ஜருக்கு, பொருத்தும் செலவோடு சேர்த்து, 30 சதவீதம். அதிகபட்சம் 1,000 டாலர். புதிய சட்டம் இதையும் வெட்டியது, ஆனால் கடைசித் தேதி வேறு: 2026 ஜூன் 30. அந்தத் தேதிக்குள் சார்ஜர் பயன்பாட்டுக்கு வந்திருக்க வேண்டும். டிசம்பரில் வாங்கினீர்கள் என்பது இங்கேயும் கணக்கில் வராது. பெட்டிக்குள் இருக்கும் சார்ஜர் பயன்பாட்டுக்கு வந்ததாகாது. அதனால் 2025 ரிட்டர்னில் இதைக் காட்டாதீர்கள். இந்த வசந்தத்தில் பொருத்தினால் 2026 கணக்கில், அதாவது அடுத்த வருடம் தாக்கல் செய்யும் ரிட்டர்னில், 8911 படிவத்தில் கோரலாம். 1,900 டாலருக்கு 570 டாலர் வரும். மின் நிறுவனம் சார்ஜருக்குத் தள்ளுபடி கொடுத்தால் அதைக் கழித்த பிறகுதான் 30 சதவீதம். 400 டாலர் தள்ளுபடி என்று வைத்தால் 1,500-க்கு 450.

ஆனால் இதில் ஒரு பெரிய நிபந்தனை இருக்கிறது, அதைத்தான் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. உங்கள் வீடு எந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதியில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கிரெடிட். 2023 முதல், வருமானம் குறைந்த பகுதி என்றோ நகர்ப்புறம் அல்லாத பகுதி என்றோ வகைப்படுத்தப்பட்ட இடத்தில் பொருத்தினால் மட்டுமே கிடைக்கும். பெயரைக் கேட்டுவிட்டு "நாங்கள் இருப்பது நல்ல புறநகர், நமக்கெல்லாம் வராது" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பகுதியிலுள்ள கணக்கெடுப்புத் துண்டுகளில் குறைந்தது 10 சதவீதம் நகர்ப்புறம் அல்லாதவையாக இருந்தாலே முழுப் பகுதியும் தகுதி பெறும். ஊர் விளிம்பில் புதிதாக எழுந்த குடியிருப்புகள் பல இதில் வந்துவிடுகின்றன. எதிர்பாராத இடத்தில் விட்டும் போகும். என்னிடம் கணக்குப் பார்க்கும் இரண்டு குடும்பங்கள் ஒரே சாலையின் எதிரெதிர்ப் பக்கத்தில் இருக்கிறார்கள். ஒருவருக்குக் கிடைத்தது, மற்றவருக்கு இல்லை. எல்லைக்கோடு அந்தச் சாலையின் நடுவில் போகிறது.

எரிசக்தித் துறையின் ஆர்கான் ஆய்வுக்கூடம் இதற்கென ஒரு வரைபடம் வைத்திருக்கிறது. முகவரியைப் போட்டால் தகுதி உண்டா என்று நிறத்தில் காட்டும். அதோடு நிறுத்தாதீர்கள். உங்கள் பகுதியின் 11 இலக்க எண்ணைக் குறித்துக்கொண்டு ஐஆர்எஸ் பட்டியலில் அது இருக்கிறதா என்று சரிபாருங்கள். பட்டியல் இரண்டு உண்டு. இப்போது பொருத்துகிறவர்கள் 2020 எல்லைகளின்படி உள்ளதைத்தான் பார்க்க வேண்டும், பழையது 2024 முடிவதற்குள் பொருத்தியவர்களுக்கு. 8911 படிவத்தோடு வைக்கும் ஷெட்யூல் ஏ-யில் அந்த 11 இலக்க எண்ணையே கேட்கிறார்கள், அதனால் எப்படியும் தேவைப்படும்.

சார்ஜர் நீங்கள் வசிக்கும் முதன்மை வீட்டில் இருக்க வேண்டும். வாடகைக்கு விட்டிருக்கும் இன்னொரு வீட்டில் வைத்துவிட்டு இப்படிக் கோர முடியாது.

இந்த கிரெடிட்டை அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போக முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 25டி-யில் மிஞ்சியதை அடுத்த வருடத்துக்குக் கொண்டுபோகலாம், 30சி-யில் மிஞ்சினால் போய்விடும். இரண்டுமே நீங்கள் கட்ட வேண்டிய வரியைக் குறைக்குமே தவிர, வரியே இல்லாதவருக்குப் பணமாக வராது. இந்த இடத்தில் பலர் குழம்புகிறார்கள்: "எனக்கு ரீஃபண்ட் வருகிறதே, அப்போது எனக்கு வரி இல்லை, கிரெடிட் பயன்படாது" என்று. ரீஃபண்ட் என்பது சம்பளத்தில் பிடித்த வரியில் அதிகமாகப் பிடித்ததைத் திருப்பித் தருவது. பார்க்க வேண்டியது வருமானத்துக்கு மொத்தமாக எவ்வளவு வரி கணக்கிடப்பட்டது என்பதை. இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் 570 டாலரைத் தாங்கும் அளவுக்கு வரி பெரும்பாலும் இருக்கும்.

மூன்றாவது கேள்விக்குப் பதில் சுருக்கமானது. புதிய எலக்ட்ரிக் காருக்கான 7,500 டாலரும், பழைய காருக்கான 4,000 டாலரும் 2025 செப்டம்பர் 30-க்குப் பிறகு வாங்கும் கார்களுக்கு இல்லை. இப்போது யாராவது "இன்னும் கிடைக்கும்" என்று சொன்னால், அது விற்பனை நிறுவனம் தன் பையிலிருந்து தரும் தள்ளுபடியாக இருக்கலாம். அரசுச் சலுகை இல்லை. ஆனால் கடனில் வாங்குவதாக இருந்தால் ஒன்று உண்டு. 2025 முதல் 2028 வரை, அமெரிக்காவில் இறுதியாகப் பொருத்தப்பட்ட புதிய காருக்கான கடன் வட்டியில் வருடத்துக்கு 10,000 டாலர் வரை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிடாமல் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்கும் உண்டு. கூட்டாகத் தாக்கல் செய்பவர்களின் வருமானம் 2,00,000 டாலரைத் தாண்டினால் இது குறைய ஆரம்பிக்கும். பெட்ரோல் காரா எலக்ட்ரிக் காரா என்ற பேதம் இதில் இல்லை. காரின் அடையாள எண்ணான வின் எண்ணை ரிட்டர்னில் எழுத வேண்டும். ஷோரூமிலேயே கார் எங்கே பொருத்தப்பட்டது என்று கேட்டுவிடுங்கள், ஒரே மாடல் இரண்டு நாடுகளில் தயாராவதும் உண்டு.

இனி நீங்கள் செய்ய வேண்டியதில் முதல் வேலை அந்த 11 இலக்க எண்ணைப் பார்ப்பது, பத்து நிமிடம் போதும். தகுதி இருந்தால் மறுநாளே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். தனி சர்க்யூட் போட பெர்மிட் வேண்டுமா, மெயின் பேனலில் இடம் இருக்கிறதா என்று அவர் வந்து பார்க்க வேண்டும், பெர்மிட்டுக்கே சில இடங்களில் வாரக்கணக்கில் ஆகிறது. ஜூன் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். மே மாதத்துக்குள் முடிக்கச் சொல்லுங்கள். பேட்டரியில் நடந்தது மாதிரி ஏதாவது ஒரு பாகம் ஸ்டாக் இல்லை என்று வந்தாலும் ஒரு மாதம் கையில் இருக்கும். வேலை முடிந்த அன்றைக்கே, சுவரில் சார்ஜரும் அதில் காரும் இணைந்திருக்க, விளக்கு எரியும் நிலையில் ஒரு படம் எடுத்து, எலக்ட்ரீஷியனிடம் தேதி போட்டு வாங்கிய பில்லோடு சேர்த்து வையுங்கள்.